இல்லத்து மதுவும் கடைமதுவும்: ‘தோப்பி’ என்னும் சொல் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

சங்க நூல்களில் மதுவைக் குறிக்கும் சொற்கள் பலவாகும். கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல் முதலான சொற்கள் ஆங்காங்கே பயின்று வருகின்றன. பிற்கால நிகண்டுகள் இவற்றை ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்தன. அத்தொகுப்பு மரபின் வழிவந்த நம் வாசிப்பும் இச்சொற்களுக்கிடையே வேறுபாடு காண்பதில்லை. ஆயின் ஒரு தொழிலின் சொற்கள் அத்தொழிலின் படிநிலைகளைக் காட்டுவன. அவற்றை ஒன்றாக்கிப் படிக்கும்போது தொழிலே மறைந்துவிடுகிறது. இச்சொற்களுள் ‘தோப்பி’ என்பதை எடுத்துக்கொண்டு, அது மூலப்பொருளால் பெற்ற பெயரா, ஆக்கப்படும் இடத்தால் பெற்ற பெயரா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சங்க இலக்கியச் சான்றுகளோடு, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களின் நடைமுறைகளும் ஒப்புநோக்கப்படுகின்றன.

தோப்பி: பொருள் வரையறை

தோப்பி என்பதற்கு நெல்லாற் செய்த கள் என்று பொருள் கூறுவது உரைமரபு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் அதனையே பின்பற்றுகிறது. இச்சொல் பயிலும் மூன்று இடங்களை அருகருகே வைத்துக் காணின் இவ்வரையறை போதாமை புலப்படும்.

முதலாவது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை (அடி 142). பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்துவந்த மறவர், அந்நிரையைக் கொடுத்து நறவின் விலையைத் தீர்க்கின்றனர். அடுத்த அடியிலேயே தம் இல்லத்தில் அட்ட தோப்பியைப் பருகுகின்றனர். இங்கு நறவு விலைக்குரியது; தோப்பி இல்லத்துக்குரியது. அடுத்தடுத்த அடிகளில் இரு சொற்களும் இருவேறு அடைகளோடு நிற்பதைத் தற்செயல் எனத் தள்ளுதல் இயலாது.

இரண்டாவது, அகநானூறு 35ஆம் பாடல். இங்கு நடுகல்லுக்குப் பீலி சூட்டித் துடி முழக்கி, ஆட்டுப் பலியோடு தோப்பியைப் படைக்கின்றனர். மூன்றாவது, அகநானூறு 348ஆம் பாடல். இது குறிஞ்சிநிலப் பாட்டு. பழச்சாறும் பலாச்சுளையும் தேனும் சேர்த்து மூங்கிற் குழாயில் முதிரவைத்த மது இங்குப் பேசப்படுகிறது. அதன் கடுமைக்குப் பாம்பின் சினம் உவமையாகிறது. மகளிர் ஊட்ட அதனைப் பருகிய குறவர் தினைப்புனக் காவலை மறக்க, யானை தினையைக் கவர்கிறது. இந்த மதுவும் தோப்பி என்றே சுட்டப்பெறுகிறது. இதில் நெல்லுக்கு இடமே இல்லை.

எனவே மூன்று இடங்களுக்கும் பொதுவானது நெல் அன்று. தம் வீட்டில், தம் குடியில், தம் கைப்பொருள் கொண்டு ஆக்கிக்கொள்வது என்பதே பொதுக்கூறாக எஞ்சுகிறது. நெல் விளையும் நிலத்தில் அது நெல்லாலும், மலையில் பலாவாலும் தேனாலும் ஆனது. தோப்பியை ‘இல்லத்து மது’ எனக் கொள்வதே மூன்று பாடல்களுக்கும் பொருந்துவதாகும்.

செய்முறையும் இடர்ப்பாடுகளும்

இல்லத்தில் மது ஆக்கும் முறையைப் படிப்படியாகக் கூறும் பகுதி பெரும்பாணாற்றுப்படையிலேயே உள்ளது (அடி 275-281). வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்து இது வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல், வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுதல், புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய நல்லடையைக் கலத்தல், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுதல், வலிய வாயையுடைய சாடியில் ‘வழைச்சு’ நீங்க முதிரவைத்தல், விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தல் என இச்செயல்கள் நிரல்படக் கூறப்படுகின்றன.

இன்று மேலைநாடுகளில் பொழுதுபோக்காக வீட்டில் பீர் வடிப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் பெரும்பாலும் நான்கு: மாவுச்சத்து சர்க்கரையாகாமை, வேண்டாத நுண்ணுயிர் புகுந்து புளித்தல், முதிராமையால் வரும் பச்சை மணம், கலங்கல். பாட்டின் ஒவ்வொரு படியும் இவற்றுள் ஒன்றற்கு விடையாக அமைதல் நோக்கத்தக்கது.

மாவுச்சத்தை ஈஸ்ட் நேரே உண்ணாது. முதலில் அது சர்க்கரையாக மாறவேண்டும். பார்லியை முளைகட்டி உலர்த்துவது இதற்காகவே. முளைத்த தானியத்தில் உருவாகும் அமிலேஸ் என்னும் நொதி அம்மாற்றத்தைச் செய்கிறது. நல்லடையை உரைமரபு முளைவிட்ட நெல்லோடு பொருத்திக் காண்பது இவ்வகையில் ஏற்புடையது. ஜார்க்கண்டில் ஹண்டியா என்னும் அரிசி மதுவுக்கு ‘ரானு’ என்னும் நொதிக்கட்டியைச் சேர்ப்பர். அதில் வளரும் பூஞ்சை இதே மாற்றத்தை நிகழ்த்துகிறது. ‘அடை’ என்னும் பெயரும் புற்றாஞ்சோறு என்னும் உவமையும் நல்லடை அத்தகைய கட்டியாகவும் இருந்திருக்கலாம் என எண்ண இடந்தருகின்றன. இது கருதுகோள் அளவிலேயே நிற்பது. எனினும் இரண்டனுள் எதுவாயினும் செயல் ஒன்றே.

கொதிக்கும் களியில் முளையோ கட்டியோ கலந்தால் நொதியும் ஈஸ்டும் அழியும். ஆற்றிய பின் கலத்தல் என்னும் நிரல் இதனால் இன்றியமையாதது. ஆறும் நேரம் நீளுமாயின் வேண்டாத நுண்ணுயிர் பெருகும். வாயகன்ற பிழா விரைந்து ஆறச்செய்கிறது. வழைச்சு என்பது முதிராத பச்சைத்தன்மை. நொதித்தல் நிறைவுறாத பீரில் அசிட்டால்டிகைடு, டையசெட்டில் ஆகிய பொருள்கள் பச்சைக் காயின் மணத்தையும் வெண்ணெய் மணத்தையும் தருகின்றன. ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும்போது இவை குறைகின்றன. புலவர் வேதியியல் அறிந்திலர். ஆயின் அக்குறைக்கு ஒரு சொல்லும், அது நீங்கும் வரை காத்திருத்தல் என்னும் விதியும் அக்காலத் தொழிலில் இருந்தன. கலங்கலுக்கு விடை அரித்தலும் தெளிதலும். அரித்தெடுப்பது அரியல், பிழிந்தெடுப்பது பிழி, தெளிந்தது தேறல். ஆகவே இவை ஒரே பொருளின் பல பெயர்கள் அல்ல. ஒரு தொழிலின் அடுத்தடுத்த நிலைகள்.

மலைநிலமும் வெப்பமும்

ஐந்தாவது இடர் வெப்பம். பீருக்குப் பயன்படும் ஈஸ்ட் வகைகளுள் பல 18 முதல் 22 பாகை செல்சியஸில் நன்கு தொழிற்படும். வெப்பம் மிகின் காரமான சாராய மணம் தோன்றும். சமவெளித் தமிழகத்தில் இது எளிதில் தீரும் இடர் அன்று. பாரியின் பறம்புநாட்டைப் பாடும் கபிலர் (புறம். 120) நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டினைக் குறிப்பிடுகிறார். மண்ணின் அடியில் வெப்பநிலை ஏறியிறங்காது நிற்கும். நிலத்திற் புதைத்தல் காவலுக்காக மட்டுமன்று, முதிர்ச்சிக்காகவும் கையாளப்பட்டிருக்கலாம்.

மலைநாட்டில் இவ்விடர் இயற்கையாகவே குறைகிறது. அகநானூறு 348ஆம் பாடல் கூறும் மூங்கில், பலா, தேன் ஆகியன இன்றும் இடுக்கி மலைகளில் ஒருங்கே காணப்படுவன. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மறையூர் ஏறத்தாழ 1,000 மீட்டர். அகநானூற்றுப் பாடல் இம்மலையையே பாடியது எனக் கொள்ளச் சான்றில்லை. ஆயின் மூங்கிற் குழாயில் நெடுநாள் முதிரவைக்கும் முறை இத்தகைய குளிர்நிலத்தில் தோன்றுதற்கு ஏற்ற சூழல் எது என்பதை இந்நிலம் காட்டுகிறது.

பாலக்காட்டுக் கள்

பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழைக்காற்று புகும் சமவெளியில் பனையும் தென்னையும் மிகுதி. சித்தூர் வட்டாரத்திலிருந்து கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குக் கள் செல்கிறது. தோப்பியோடு ஒப்பிடுகையில் மரக்கள் வேறு தொழில். பாளைச் சாற்றில் சர்க்கரை இயல்பாகவே உள்ளது. முளையோ நல்லடையோ வேண்டா. இங்குள்ள இடர், நொதித்தலைத் தொடங்குவதன்று, நிறுத்துவது. கலயத்தில் சொட்டும்போதே நொதித்தல் தொடங்கும். நாள் கடப்பின் சாறு காடியாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும். கழுவாத கலயத்தில் எஞ்சும் மண்டி அடுத்த சாற்றை விரைந்து புளிக்கவைக்கும். ஒரே மண்டி ஓரிடத்தில் வித்தும் ஓரிடத்தில் கேடும் ஆகிறது.

இம்மண்டிக்கு மலையாளத்தில் ‘மட்டு’ என்று பெயர். சங்கச் சொல்லாகிய மட்டு மதுவையே குறிக்க, மலையாள மட்டு அதன் அடியில் தங்குவதைக் குறிக்கிறது. இரண்டும் ஒரு சொல்லின் பொருள் விரிவு எனக் கொள்ளின், சொல் முழுப் பொருளிலிருந்து அதன் அடிப்படிவுக்குச் சுருங்கியது எனலாம். கேரளத்து வீடுகளில் அப்பமாவு புளிக்கக் கள் சேர்க்கும் வழக்கம் உண்டு. மதுவாக அன்றி மாவின் நொதியாக, கள் இல்லத்தின் அடுக்களையில் இன்றும் நிற்கிறது.

சட்டமும் இல்லமும்

இல்லத்து மது மறைந்தமைக்குச் சுவை மாற்றம் மட்டும் காரணமன்று. சித்தூர் அன்று கொச்சி அரசில் இருந்தது, அங்குக் கொல்லம் 1077ஆம் ஆண்டு (கி.பி. 1902) ஆப்காரிச் சட்டம் இயற்றப்பட்டது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் அடங்கியது. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டம் அதனை ஆண்டது. இரண்டின் நோக்கமும் மதுவை அரசு வருவாயாக்குதல். உரிமமின்றி மரம் சீவுதலும் மது ஆக்குதலும் குற்றமாயின. கொச்சிச் சட்டம் 1967இல் கேரளம் முழுமைக்கும் விரிக்கப்பட்டது. 2019 திசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டிக் கேரளக் கலால் துறை விடுத்த சுற்றறிக்கை, வீட்டில் ஒயின் வடிப்பதும் குற்றமாகும் என எச்சரித்தது. எல்லைக்கு இப்பால் தமிழகத்தில் 1987 முதல் கள்ளே தடைசெய்யப்பட்டுள்ளது. கணவாயின் ஒருபுறம் உரிமம் பெற்ற தொழிலாகவும் மறுபுறம் குற்றமாகவும் ஒரே மரத்துச் சாறு நிற்கிறது.

வேறு வழிகளும் உள்ளன. பிரித்தானியாவில் 1963இல் வீட்டில் பீர் வடிக்க உரிமம் வேண்டா என்றாயிற்று. அமெரிக்காவில் 1978இல் கையொப்பமான சட்டம் அதற்கு இடமளித்தது. அசாமின் திமாசா மக்கள் அரிசியால் ஆக்கும் ‘ஜூதிமா’ 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. இல்லத்து மதுவைக் கடைமதுவினின்று பிரித்துக் காணும் பார்வை இவற்றுக்கெல்லாம் பொதுவானது. அப்பார்வையைப் பெரும்பாணாற்றுப்படை இரண்டு சொற்களில் முன்னரே வழங்கியுள்ளது.

முடிவுரை

தோப்பி என்பது நெல்மது என்னும் வரையறை அகநானூறு 348ஆம் பாடலோடு பொருந்தவில்லை. இல்லத்தில் ஆக்கப்படும் மது எனக் கொள்ளின், நறவோடு அதற்குள்ள முரணும் நடுகல் படையலில் அதற்குள்ள இடமும் விளக்கம் பெறுகின்றன. வழைச்சு, அரியல், பிழி, தேறல் ஆகியன செய்முறையின் கலைச்சொற்கள். அகராதிகள் இவற்றைக் ‘கள்’ என்னும் ஒரே சொல்லால் பொருள்கொள்வது திருத்தத்திற்குரியது. கடைமது தன் பெயரோடும் வருவாயோடும் நிலைத்தது. இல்லத்து மது வழக்கொழிந்தது, அதன் சொல்லும் பொருள் மாறிப் பதிவாயிற்று. உணவும் மதுவும் குறித்த சங்கச் சொற்களை மூலப்பொருள், செய்முறை, ஆக்கும் இடம், விலை என்னும் நான்கு கூறுகளால் பகுத்து மறுபடியும் தொகுப்பது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.