மர்ஹூம் அத்தாவின் பி.எஃப். பணம்: தேடுவதும் பங்கிடுவதும்

கடலூர் சிப்காட், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை, சிதம்பரம் வட்டாரத் தனியார் நிறுவனங்களில் உழைத்து வஃபாத்தானவர்களின் பி.எஃப். பணம் கேட்பாரின்றிக் கிடக்கலாம். பழைய சம்பளச் சீட்டில் பி.எஃப். எண்ணைத் தேடுங்கள், இல்லையெனில் வேலை பார்த்த நிறுவனத்தில் கேளுங்கள். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரத்துடன் படிவம் 20-ஐ வருங்கால வைப்புநிதி அலுவலகத்தில் கொடுங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி. பணியில் இருக்கும்போதே வஃபாத்தாகியிருந்தால் காப்பீட்டுக்குப் படிவம் 5-ஐ.எஃப்.

நாமினியாக மூத்த மகன் பெயர் இருந்தாலும், சேர்ந்திருந்த பி.எஃப். பணம் மார்க்கப்படி அவர் கையில் அமானிதமே. முதலில் மர்ஹூமின் கடன். தாயாருக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத். மீதி, அந்நிஸா 11, 12 வசனங்களின்படி தாயாருக்கும் சகோதரிகளுக்கும் உரிய பங்குடன் பிரிக்கப்பட வேண்டும்.