சாவா மூவா முதல்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் செல்வோர் வானளாவும் விமானத்தை வியந்து மீள்வர். அத்துணைப் பெரிய அறநிலையம் எவ்வருவாயைக் கொண்டு நடந்தது எனக் கேட்போர் சிலரே. எந்தெந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதை வீரராசேந்திரன் காலத்து நெடுங்கல்வெட்டொன்று அக்கோயிலிலேயே கணக்காக உரைக்கிறது.

சோழர் அறங்களுக்கு நிலமேயன்றிக் காசும் ஆடும் முதலாயின. தஞ்சைப் பெருங்கோயிலின் காசு ஊர்ச்சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பொலிசை ஆண்டுக்கு நூற்றுக்கு 12½. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். நாளும் ஓர் உழக்கு நெய். கிழம் சாகும், குட்டி பிறக்கும், தொகை குறையாது. ஆதலின் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். எத்துணை அழகிய சொல்!

பொலிசை நமக்கு ஆகாது. ஆனால் அச்சொல்லின் கருத்து நமக்கு அந்நியமன்று. கைபரில் கிடைத்த நிலத்தை ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் அறமாக்க விரும்பியபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைவை வழங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். 'வக்ஃபு' என்பதற்கே நிறுத்துதல் என்பது பொருள். நாணயத்தை வக்ஃபு செய்யலாமா என்பதில் ஃபுகஹாக்கள் கடுமையாக வாதிட்டனர். 16ஆம் நூற்றாண்டுத் துருக்கியில் அபுஸ்ஸுஊத் அவர்கள் கூடும் என்றார்கள். பிர்கிவி அவர்கள் மறுத்தார்கள்.

கல்லும் நிலைக்கவில்லை. 1836இல் முடிந்த கீழணைக்காகக் கங்கைகொண்ட சோழபுரத்து மதில் பெயர்க்கப்பட்டது. தடுத்த ஊராருக்குத் தண்டனையே கிடைத்தது. ஈடாகச் செங்கல் மதில் எழுப்புவதாகக் கூறிய வாக்கும் வாக்காகவே நின்றது.

பின்னர் 1963இல் சிற்றினாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. சமய நிலையங்களுக்கு இனாம் நிலத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் 'தஸ்திக்' தொகை என்றாயிற்று. அரபியில் தஸ்தீக் என்றால் மெய்யென ஒப்புதல். மெய்தான், ஆனால் அன்றைய வருவாயின் மெய். நெல் விலை ஏறும், தஸ்திக் ஏறாது. ஆடு குட்டி ஈனுவதை நிறுத்திவிட்டது.

சட்டத்தை மட்டும் நோவதற்கில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிவாசலொன்றில் பழைய குத்தகைச் சீட்டைக் கண்டோம். குத்தகையை நெல்லாகவே அளக்க வேண்டும் என்று வக்ஃபு செய்த பெரியவர் எழுதியிருந்தார். பின்வந்த நிர்வாகிகள், அளந்து வாங்கும் தொல்லை எதற்கென்று, அதை ரூபாயாக்கி அப்படியே விட்டுவிட்டனர். இன்று அத்தொகை மின்கட்டணத்திற்கே போதவில்லை. அலமாரியில் அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன. பைண்டு செய்யலாகாதா என்றோம். "காசு ஏது, ஹஜ்ரத்?" என்றார் முத்தவல்லி.