பத்து மடங்கிலிருந்து பத்து மடங்குக்கு: ஒரு பொக்கற் கமெராவின் கதை

கமெரா வரலாறு என்று எடுத்தால் எங்களுக்குச் சொல்லப்படுவது பெரிய கமெராக்களின் கதைதான். லைக்கா, நிக்கோன் எஃப், பிறகு டிஜிட்டல் எஸ்எல்ஆர். ஆனால் எங்கட வயதுக்காரர் வீட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் உள்ளே கிடப்பதெல்லாம் சின்னக் கமெராக்கள் எடுத்த படங்கள். அந்தச் சின்னதுகளுக்குள்ளும் ஒரு தனி இனம் இருக்கிறது. பொக்கற்றுக்குள் போகும், ஆனால் தூரத்தில் நிற்பதைக் கிட்டக் கொண்டுவரும்.

சூம் டிஜிட்டலோடு வந்ததில்லை. 35 மிமீ ஸ்டில் கமெராவுக்கான முதல் சூம் லென்ஸ், ஃபொய்க்லெண்டர் சூமார், 1959இல் வந்தது. 36 முதல் 82 மிமீ வரை, இரண்டு மடங்கும் கொஞ்சமும், அவ்வளவுதான். 2000இல் ஒலிம்பஸின் சி-2100 அல்ட்ரா சூம் 10 மடங்கு சூமோடும், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸோடும் வந்தது. நல்ல கமெரா, ஆனால் பொக்கற்றுக்குள் போகாது. அதைச் செய்தது 2006இல் பனசோனிக் வெளியிட்ட லூமிக்ஸ் டீஇசட்1. 35 முதல் 350 மிமீ, 5 மெகாபிக்சல். உள்ளே ஒளியை ஒரு பிரிஸத்தால் மடக்கி அனுப்பித்தான் அந்த நீளத்தைச் சின்ன உடம்புக்குள் அடக்கினார்கள்.

‘10 மடங்கு’ என்றால் பத்து மடங்கு கிட்டத் தெரியும் என்று கனபேர் நினைக்கிறோம். அது லென்ஸின் நீண்ட முனைக்கும் குறுகிய முனைக்கும் இடையிலான விகிதம் மட்டும்தான். 2007இல் வந்த டீஇசட்3உம் 10 மடங்குதான், ஆனால் 28 முதல் 280 மிமீ. தூரம் குறைந்தது, அகலம் கூடியது. எங்களைக் கேட்டால் அது நல்ல முடிவு. சின்ன அறைக்குள் முழுக் குடும்பத்தையும் ஒரு படத்துக்குள் கொண்டுவர 28 மிமீ தேவை.

இந்த வித்தையின் இரகசியம் சென்சரில் இருக்கிறது. இந்தக் கமெராக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது 1/2.3 அங்குல வகை. அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மிமீ. முழுச்சட்டக சென்சர் 864 சதுர மிமீ, அதாவது முப்பது மடங்கு. சென்சர் சிறுத்தால் அதற்கு முன்னால் வைக்கும் லென்ஸும் சிறுக்கலாம். 2015இல் வந்த நிக்கோன் பி900 ‘2000 மிமீ’ என்று சொல்லிக்கொண்டது. லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 357 மிமீ.

பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றன. சின்ன சென்சருக்கு ஒளி குறைவாகவே கிடைக்கும். போட்டி கூடக் கூட நிலைமை இன்னும் மோசமானது. டீஇசட்1இன் லென்ஸ் நீட்டி முடித்த இடத்திலும் எஃப் 4.2. 2014இல் வந்த டீஇசட்60 30 மடங்கு, ஆனால் நீட்டினால் எஃப் 6.4. மத்தியான வெயிலில் கொக்கு அழகாக விழும். பின்னேரம் அதே கொக்கு சாம்பல் புள்ளிகளாகத்தான் வரும். அதோடு, துவாரம் சிறுத்தால் ஒளி தானே பரவும். எஃப் 6.5இல் ஒரு ஒளிப்புள்ளி சென்சரில் கிட்டத்தட்ட 9 மைக்ரோன் அகலத்துக்கு விரியும். பி900இன் ஒரு பிக்சல் 1.3 மைக்ரோன்தான். ஒரு புள்ளியை ஆறேழு பிக்சல்கள் பங்குபோட்டால் 16 மெகாபிக்சல் என்று பெட்டியில் அச்சடித்து என்ன பிரயோசனம்?

இது தயாரித்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 2015இல் பனசோனிக் டீஇசட்70ஐ 18 மெகாபிக்சலில் இருந்து 12க்குக் குறைத்து விட்டது. அடுத்த வருடம் வந்த டீஇசட்100இல் 1 அங்குல வகை சென்சர், நாலு மடங்கு பரப்பு. சூம்? திரும்பவும் 10 மடங்கு! விலையும் அதற்கேற்றபடி ஏறியது.

அதற்குள் சந்தை கைவிட்டுப் போயிருந்தது. யப்பானியக் கமெராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்கில், 2010இல் உலகத்துக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமெராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் 80 இலட்சம்கூட இல்லை. சின்னக் கமெராவை போன் தின்றுவிட்டது என்று சொல்வது சரி. ஆனால் சூம் கமெரா கடைசியாகத்தான் தின்னப்பட்டது, ஏனென்றால் நீண்ட லென்ஸை மெல்லிய போனுக்குள் வைக்க இடமில்லை. 2019இல் ஹுவாவே பி30 ப்ரோ ஒளியைப் பிரிஸத்தால் மடக்கி 5 மடங்கு கொண்டுவந்தது. டீஇசட்1இல் பார்த்த அதே யோசனை.

பி900ஐப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. பூமி தட்டை என்று நம்புபவர்களுக்கு அது செல்லக் கமெரா. தொடுவானத்தில் மறைந்த கப்பலை சூம் பண்ணி ‘திருப்பி’க் கொண்டுவருகிறார்களாம். கண்ணுக்குச் சிறுத்துத் தெரிந்த கப்பல்தான் பெரிதாகிறது. வளைவுக்குக் கீழே இறங்கிய அடிப்பாகம் எந்த லென்ஸுக்கும் ஏறி வராது. அதே கமெராவின் வீடியோக்களில் அதையும் பார்க்கலாம்.

ஆனாலும் இந்த இனத்தை எள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. பறவை பார்க்கிறவருக்குப் படத்தின் தரம் இரண்டாவது. சிறகின் கோடும் அலகின் நிறமும் தெரிந்தால் எந்த இனம் என்று சொல்லலாம். பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லாத எத்தனையோ பேர் அதை இந்தக் கமெராவால்தான் செய்தார்கள். மறுபக்கம், எங்களில் சிலருக்கு இதில் ஒரு நெருடலும் உண்டு. பெரிய லென்ஸைத் தூக்கினால் எதிரில் நிற்பவருக்குத் தெரியும். உள்ளங்கைக்குள் அடங்கும் 30 மடங்கு தெரியாது. கேட்காமல் ஒருவரின் முகத்தை எடுப்பது இந்தக் கமெராவால் லேசாகிவிட்டது.

இப்ப பழைய டிஜிட்டல் கமெரா தேடுகிற பாஷன் வந்திருக்கு. செக்கன்ட் ஹான்டில் சூம் கமெரா வாங்கப் போனால் லென்ஸை முழுக்க நீட்டி, மடக்கி, இரண்டு மூன்று தரம் பாருங்கோ. இவற்றில் முதலில் பழுதாகக்கூடியது அந்த மோட்டாரும், உள்ளே போகும் தூசியும். பட்டரி இன்னும் கிடைக்குமா என்றும் விசாரியுங்கோ. புதிது வேண்டுமென்றால் 2025இல் பனசோனிக் டீஇசட்99 என்று ஒன்றை விட்டிருக்கு: 30 மடங்கு, யூஎஸ்பி-சி, அதே 1/2.3 அங்குல சென்சர்.