கொள்ளுக்கு வாய்த்த பிழையான பெயர்

1951ஆம் ஆண்டு பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு ஆய்வுக் குறிப்பு வெளியானது. எழுதியவர் இந்தியாவில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிய ஜி. டபிள்யூ. ஜி. பேர்டு. ‘டோலிகஸ் பைஃப்ளோரஸ்’ என்னும் பயற்றின் விதைச்சாறு, மனிதக் குருதியின் சிவப்பணுக்களுள் குறிப்பிட்ட வகையை மட்டும் தேர்ந்து திரளச் செய்கிறது என்பதே அதன் செய்தி. அந்தப் பயறு தமிழில் கொள், தென்மாவட்டங்களில் காணம், கன்னடத்தில் ஹுருளி.

ஏ வகைக் குருதியில் ஏ1, ஏ2 என உட்பிரிவுகள் உண்டு. உரிய அளவில் நீர்த்த கொள்ளின் சாறு ஏ1 அணுக்களைத் திரட்டும். ஏ2 அணுக்களை விட்டுவிடும். ஏ2 பிரிவினர் சிலரது குருதியில் ஏ1க்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதால், இவ்வேறுபாட்டை அறிவது குருதி மாற்றத்தில் சில வேளைகளில் தேவைப்படும். உலகெங்கும் குருதி வங்கிகள் கொள்ளின் புரதத்தைப் பயன்படுத்தத் தொடங்கின.

ஆனால் அக்குறிப்பு தாங்கிய தாவரப் பெயர் கொள்ளுக்கு உரியதன்று. லின்னேயஸ் 1753இல் ‘டோலிகஸ் பைஃப்ளோரஸ்’ எனப் பெயரிட்டது தட்டைப்பயற்றுச் செடிக்கு. கொள்ளுக்கு 1786இல் லமார்க் ‘டோலிகஸ் யூனிஃப்ளோரஸ்’ எனத் தனிப்பெயர் அளித்திருந்தும், நூல்கள் நெடுங்காலம் முன்னதையே கொள்ளுக்கு வழங்கின. 1970இல் கியூ தாவரவியலர் பெர்னார்ட் வெர்ட்கோர்ட் அதனை ‘மேக்ரோடைலோமா யூனிஃப்ளோரம்’ என வகைப்படுத்தினார். எனினும் ஆய்வகக் குப்பிகளில் ‘டோலிகஸ் பைஃப்ளோரஸ்’ என்பதே இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆங்கிலப் பெயரும் அதற்கு நியாயம் செய்யவில்லை. தென்னிந்தியாவில் குதிரைகளுக்கு அவித்த கொள்ளே தீவனம். அதனைக் கண்ட ஐரோப்பியர் ‘ஹார்ஸ் கிராம்’ என்றனர். மனிதர் உண்ணும் தானியம் விலங்கின் பெயரால் ஆவணங்களில் பதிவாயிற்று. புறநானூற்றின் 335ஆம் பாடலோ வரகு, தினை, அவரை ஆகியவற்றோடு கொள்ளையும் உணவாகவே எண்ணுகிறது.

அதனினும் பழைய சான்று மண்ணில் கிடைக்கிறது. பல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லு முதலிய புதிய கற்கால இருப்பிடங்களில், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த கரிந்த கொள் விதைகள் கிடைத்துள்ளன. காட்டுக் கொள்ளின் விதைத்தோல் தடித்தது. ஆதலால் விதைத்தவுடன் ஒருசேர முளைக்காது. உழவர் ஆண்டுதோறும் விதைத்து அறுத்ததில், விரைந்து முளைக்கும் மெல்லிய தோலுடைய விதைகளே நிலைபெற்றன. சார்லீன் மர்பியும் டோரியன் ஃபுல்லரும் தொல் விதைகளின் தோலை ஊடுகதிரால் அளந்து இம்மாற்றத்தை 2017இல் வெளியிட்டனர்.

இத்தகைய ஒப்பீட்டிற்குக் காட்டுச் செடி வேண்டும். வறண்ட புதர்க்காடுகளில் தரையில் படர்ந்தும் செடிகளைச் சுற்றியும் வாழும் அக்கொடியை எவரும் பயிரிடுவதில்லை. களை என்றே வெட்டி எறிவர். புதர்நிலம் ‘தரிசு’ எனக் கணக்கில் எழுதப்பட்டுக் கட்டடமாகும்போது, நான்காயிரம் ஆண்டு வேளாண் வரலாற்றின் தொடக்கப் பக்கமும் உடன் அழிகிறது.

வேளாண் வரலாறு பயிலும் மாணவர், ‘ஹார்ஸ் கிராம்’, ‘டோலிகஸ் பைஃப்ளோரஸ்’, காணம், ஹுருளி ஆகிய பெயர்கள் அனைத்தின்கீழும் கொள்ளைத் தேட வேண்டும். இன்றைய அறிவியல் பெயரை மட்டும் கொண்டு தேடுவோருக்கு, பெங்களூரில் அச்சான அந்த 1951ஆம் ஆண்டுக் குறிப்பும் கண்ணில் படாது.