அழிக்காமல் பார்க்க ஒரு வழி: லைவ் சிடி வந்த கதை

மதுரையில் பஸ் ஏறினால் வத்தலக்குண்டு தாண்டியதும் பழனி மலைப்பாதை தொடங்கிவிடும். கொடைக்கானல் போய்ச் சேர சுமார் 120 கிலோமீட்டர், நாலு மணி நேரம். 2000களின் தொடக்கத்தில் இதே மலைக்கு 700 எம்பி அளவுள்ள ஒரு கோப்பை டெலிபோன் லைன் வழியாகக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? டயல் அப் மோடத்தின் உச்ச வேகமே வினாடிக்கு 56 கிலோபிட்தான். கணக்குப் போட்டால், லைன் ஒரு தடவைகூட கட் ஆகாவிட்டாலும் 29 மணி நேரம்! அதையே சிடியில் எழுதி பையில் போட்டுக்கொண்டு வந்தால் நாலு மணி நேரம். ஆக, மோடத்தை விட பஸ் 7 மடங்கு வேகம்!

அந்த 700 எம்பிக்குள் அப்படி என்ன இருந்தது? ஒரு முழு இயங்குதளம். அதுவும் கணினியில் எதையும் நிறுவாமல், சிடியில் இருந்தே ஓடும் இயங்குதளம். அதற்குப் பெயர்தான் லைவ் சிடி.

இதன் அருமை புரிய அந்தக் கால வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். கஷ்டப்பட்டு காசு சேர்த்து வாங்கிய ஒரே கணினி. அதில் விண்டோஸ். லினக்ஸ் இலவசம் என்று கேள்விப்பட்டு ஆசைப்பட்டால், ஹார்ட் டிஸ்கைப் பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பட்டனைத் தவறாக அழுத்தினால் அண்ணனின் ப்ராஜெக்ட், அப்பாவின் கணக்கு, குடும்ப போட்டோ எல்லாம் போச்சு. இந்த பயத்தாலேயே லினக்ஸ் பக்கம் போகாதவர்கள் எத்தனையோ பேர்.

வணிகவியல் மாணவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார், பிடித்தால் வைத்துக்கொள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்று ஒரு விற்பனை முறை உண்டு அல்லவா? இயங்குதளத்துக்கு அந்த வசதியைக் கொண்டுவந்தது லைவ் சிடி.

யோசித்துப் பார்த்தால் இது முழுக்கப் புதிய விஷயமும் இல்லை. ஹார்ட் டிஸ்க் பரவலாகாத 1980களில் பல கணினிகள் ஃப்ளாப்பியில் இருந்துதான் எழுந்தன. டாஸ் ஃப்ளாப்பியைப் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தது, இயங்குதளம் அதிலேயே குடியேறிவிட்டது.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அடுத்த ஆண்டு இறுதியில் இக்ட்ராசில் என்ற லினக்ஸ் தொகுப்பு வந்தது. சிடியில் இருந்தே ஓடும், ஆனால் தொடங்கி வைக்க ஒரு ஃப்ளாப்பி வேண்டும். காரணம், சிடியைப் பார்த்து எழுந்திருக்க அன்றைய கணினிகளுக்குத் தெரியாது. 1995-ல் பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் அதற்கு ஒரு பொது விதியை வகுத்தன. அதன் பெயர் எல் டொரிடோ. விதியை வடிவமைத்தவர்கள் போன ஒரு ஓட்டலின் பெயராம் அது!

வழி திறந்தாச்சு. ஆனால் சாதாரண ஆட்களிடம் இதைக் கொண்டு சேர்த்தவர் ஜெர்மனியின் கிளாவுஸ் க்னாப்பர். 2000-ம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அவருடைய க்னாப்பிக்ஸ் வெளிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி ஒரே சிடியில் அடைத்து, தேவைப்படும்போது தேவைப்படும் பகுதியை மட்டும் விரித்துக் கொடுக்கும் உத்தி அதில் இருந்தது. எந்தக் கணினியில் போட்டாலும் திரை, மவுஸ், சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். புதிதாக எழுதுவதெல்லாம் தற்காலிகமாக ராம் நினைவகத்தில்தான் போகும். அணைத்ததும் மறைந்துவிடும். ஹார்ட் டிஸ்கில் இருந்தது இருந்தபடியே இருக்கும்.

விண்டோஸ் எழுந்திருக்க மறுக்கும் கணினியில் இந்த சிடியைப் போட்டு உள்ளே இருக்கும் கோப்புகளை மீட்டவர்கள் ஏராளம். எது அழித்துவிடும் என்று பயந்தார்களோ, அதுவே காப்பாற்றியது!

2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. அதன் ஷிப்இட் திட்டத்தில் முகவரி கொடுத்தால் காசே வாங்காமல் சிடியை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006 ஜூனில் வந்த 6.06 பதிப்பில் இன்னொரு வசதி. ஓட்டிப் பார்க்கும் சிடியும் நிறுவும் சிடியும் ஒன்றாகிவிட்டன. பார், பிடித்தால் அங்கிருந்தே நிறுவிக்கொள்.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். 1998-லேயே சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தொடங்கி, ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடி வந்தது. கேடிஈ, க்னோம் திரைகளைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினார்கள். 2006-07ல் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. இதற்கும் அடிப்படை டெபியன்தான், தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கக்கூடியது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. திட்டம் மாநிலம் முழுவதற்குமானது, பழனி மலையின் அரசுப் பள்ளிகளும் இதில் அடக்கம். சிடி தேடி மலை இறங்க வேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸ் கைக்கே வந்துவிட்டது.

ஆனால் இங்கேதான் கேள்வி. இரண்டும் இருந்தால் மாணவர் எதைத் திறப்பார்? பழகியதைத்தான். ஆசிரியர் சொல்லித் தருவது, பக்கத்து வீட்டில் இருப்பது, பிரவுசிங் சென்டரில் பார்த்தது எல்லாம் விண்டோஸ் என்றால், மற்றொன்று பெயருக்கு இருந்துவிட்டுப் போகும். பயத்தைப் போக்க ஒரு தட்டு போதும். பழக்கத்தை மாற்ற அது போதாது. அதற்குச் சொல்லித்தர ஆள் வேண்டும், தமிழில் எழுதி வைத்த பாடம் வேண்டும். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் செய்து வருவது அந்த வேலையைத்தான்.

லைவ் சிடியின் காலம் அதற்குள் மலையேறத் தொடங்கிவிட்டது. ஷிப்இட் 2011-ல் நின்றது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 ஒரு சிடிக்குள் அடங்கவில்லை. பிறகு லேப்டாப்களில் சிடி டிரைவே காணாமல் போனது. இன்று அதே வேலையைப் பென் டிரைவ் செய்கிறது.

தேவை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. 2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸ் பக்கம் திருப்பப் பார்த்தது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் அதே கதி. விண்டோஸ் 11 ஏற்காத நல்ல கணினிகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி ஓட்டிப் பாருங்கள் நண்பர்களே. பிடிக்கவில்லையா? பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வைத்தது வைத்தபடி இருக்கும்.