இரத்தம் நிறுத்தும் கிழங்கு

தென்மேற்குச் சீனத்தின் யுன்னான் மாகாணத்து வென்ஷான் மலைகளில் விளைவது சன்ச்சி, ஜின்செங் இனத்தது. அதன் கிழங்குத் தூளைக் காயத்திலிட்டு இரத்தப்பெருக்கை நிறுத்துவர். தென்னாட்டுப் படையினர் வெட்டுக்காயத்துக்கு இதனையே நம்பியிருந்ததை லீ ஷிச்சென் 1578இல் எழுதிமுடித்த மருந்து நூலில் பதிந்தார். எழுத்தறிந்த எவர்க்கும் அது பொது.

1902இல் யுன்னான் வைத்தியர் சூ ஹுவான்சாங் ஆக்கிய ‘யுன்னான் வெண்மருந்து’ வேறுவகை. சன்ச்சி அதன் முதன்மைச் சேர்மானம் என்பர். செய்முறையை அவர் வெளியிடவில்லை. வைத்தியரின் பிழைப்பு அதிலல்லவா? 1938இல் அவர் இறந்தார். 1955இல் மனைவி மியாவ் லான்யிங் அதனை அரசிடம் ஒப்படைத்தார். அரசோ அரச இரகசியமாக்கிற்று. தனிமனிதன் மறைத்ததை நான் விளங்கிக்கொள்வேன். அரசு மறைத்ததை ஏற்க மனம் வரவில்லை. பதப்படுத்திய நாபிக்கிழங்கு, அதாவது நச்சுக்கிழங்கு, அதிலுண்டு என்பது மருந்துறையில் அச்சானது 2014இல்தான்.