எல்லைநிலை எளிமையாக்கம்

பாய்மம், பிளாஸ்மா ஆகியவற்றின் ஓட்டச் சமன்பாடுகளில் ஓர் அளபுரு மிகச் சிறிதாகும்போதோ மிகப் பெரிதாகும்போதோ அவற்றிலிருந்து எளிய சமன்பாடுகளை வருவிக்கும் கணித முறை. ஓட்ட வேகத்துக்கும் ஒலி வேகத்துக்கும் உள்ள விகிதமான மாக் எண் சுழியை நெருங்கினால், ஒலியலைகளை விலக்கிப் பாய்மத்தை அமுக்க இயலாததாகக் கொள்ளலாம். காற்றில் இவ்வெண் 0.3-க்குக் கீழிருந்தால் அடர்த்தி மாற்றம் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். செர்கியு கிளைனர்மன், ஆண்ட்ரூ மஜ்தா இருவரும் 1980-களின் தொடக்கத்தில் இவ்வெல்லைக்குக் கணித நிறுவல் தந்தனர்.

பாகுத்தன்மை மிகக் குறைந்த ஓட்டத்தில் அதைப் புறக்கணிக்கலாம். ஆனால் சுவரை ஒட்டிய மெல்லிய பகுதியில் இப்புறக்கணிப்பு செல்லாது. லுட்விக் பிராண்டில் 1904-இல் முன்வைத்த எல்லைப் படலக் கோட்பாடு அப்பகுதிக்குத் தனிச் சமன்பாடுகளை வகுத்தது. பிளாஸ்மாவில், ஒரு மின்னூட்டத்தின் புலம் சுற்றியுள்ள மின்னூட்டங்களால் மறைக்கப்படும் தொலைவான டெபை நீளம் அமைப்பின் அளவைவிட மிகச் சிறிதானால், நேர், எதிர் மின்னூட்ட அடர்த்திகள் ஏறக்குறைய சமமெனக் கொள்ளப்படும்.